யூஜினியாவின் போணி

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியமாகத்தான் பிறந்தது. வாக்கியம் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். திரும்பி வந்த சரக்கைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது. வேறு பையில் போட்டு, வேறு விலை சொல்லி, உங்கள் முன்னால் வைக்கிறேன்.

திருப்பி அனுப்பியவள் என் தம்பி மகள் ஷாமளா. பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பு படிக்கிறாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்.

"பெரியப்பா, ஜெனரலைஸ்னு ஒரு வெர்ப் இருக்கே, அதுக்குத் தமிழ்ல என்ன? மீனிங் வேணும், யூசேஜ் வேணும், ஒரு செண்டென்ஸ் வேணும். நாளைக்கு சப்மிட் பண்ணணும்."

'பொதுமைப்படுத்து' என்று அனுப்பினேன். இது சொல்லா, இல்லை நாலு சாமானைச் சேர்த்துக் கட்டின பார்சலா என்று கேட்டாள். பேச்சை மாற்ற வாக்கியத்தை அனுப்பினேன்: 'யூஜினியா கை பட்டால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும்.'

"இதுல அந்த வெர்பே இல்லையே?"

"அதைச் செய்றவங்க யாரும் அதை வாயால சொல்லமாட்டாங்க."

"இது எங்கப்பா தினமும் சொல்றது. இது எக்ஸாம்பிள் இல்ல பெரியப்பா, கோசிப் லா."

உண்மைதான். அவள் அப்பா செல்லையா என் தம்பி. மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் தேங்காய்க்கடை வைத்திருக்கிறான். பலகையில் ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன. ஊரின் வாய் இன்னும் மாறவில்லை. ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுப்பது எவ்வளவு பாடு என்பதற்கு எங்கள் ஊரே போதும்.

ஷாமளா வேறு ஏதோ வாக்கியம் போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டாள். திரும்பி வந்த வாக்கியம் என் கையில் தங்கிவிட்டது.

2

வினைச்சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். அவசரக்காரர்கள் மூன்றாம் பகுதிக்குத் தாவலாம். பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக்கூடாது.

முதல் பொருள் உங்களுக்கே தெரியும். சிலதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்குமாக ஒரு முடிவு சொல்வது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வால். ஒன்று 'எதிலிருந்து?' என்று கேட்கும், மற்றது 'எதைப் பற்றி?' என்று கேட்கும். மூன்று தேங்காயைத் தட்டிப் பார்த்து, அதிலிருந்து, மூட்டையைப் பற்றி. இது இல்லாமல் வியாபாரம் கிடையாது. மூட்டையில் உள்ள எல்லாவற்றையும் தட்டிக்கொண்டிருப்பவன் பொழுதுக்கும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே இந்தச் சொல்லை நான் கெட்ட சொல் என்று சொல்ல வரவில்லை. இது என்னை வளர்த்த சொல்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மூட்டை ஏமாற்றிவிட்டால் என் தம்பி அடுத்த மூட்டையில் கூடுதலாக இரண்டைத் தட்டுகிறான். மனிதரைப் பற்றிச் சொன்னது பொய்த்துப்போனால் எதையும் தட்டுவதில்லை. அங்கே 'எதிலிருந்து' என்ற வாலை நறுக்கி எறிந்துவிடுகிறோம்.

இன்னொரு பொருள், விவரம் எதுவும் கொடுக்காமல் பொத்தாம்பொதுவாகப் பேசுவது. கூட்டங்களில் மேடையேறுகிறவர்கள் இதில் தேர்ந்தவர்கள், விட்டுவிடுவோம். மூன்றாவது, ஓரிடத்தில் மட்டும் இருந்த வழக்கத்தை எல்லாருக்கும் ஆக்குவது. நாலாவது மருத்துவர்களுடையது. உடம்பில் ஓரிடத்தில் தொடங்கிய கோளாறு மெல்ல உடம்பு முழுக்கப் பரவினால் அவர்களும் இதே சொல்லைத்தான் போடுகிறார்களாம். அகராதியில் அது கடைசியில், சின்ன எழுத்தில் கிடந்தது. என் கதைக்கு அதுதான் வேண்டும்.

ஷாமளாவிடம் நான் சொல்ல மறந்த தமிழ் ஒன்றும் இருக்கிறது. நாங்கள் கடையில் பேசும் தமிழ். அந்தச் சொல் மொத்த வியாபாரம். கதை சில்லறை வியாபாரம். மொத்தமாக விற்கிறவனுக்கு முகம் தேவையில்லை, எடை போதும். சில்லறையில் ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, உயிரை எடுப்பார்கள். இனி சில்லறை.

3

தொடங்கிப் பார்த்தவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அழித்துவிட்டால் நான் முதல் தடவையிலேயே ஒழுங்காக எழுதிவிட்டதாக நினைப்பீர்கள்.

'செம்பனைக் காட்டுக்குப் பின்னால் சூரியன் மெல்ல' — (நிறுத்திவிட்டேன். யூஜினியா வேனைக் கிளப்பும்போது சூரியனே கிடையாது.)

'தோட்டத்துப் பெண்கள் எல்லாரையும் போலவே யூஜினியாவும்' — (மேலே ஒரு பக்கம் விளக்கம் சொல்லிவிட்டு நானே அதைச் செய்கிறேன் பாருங்கள்.)

'பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடைக்காரர்களுக்கு மூடநம்பிக்கை' — (இதுவும் அதேதான். போதாததற்கு அந்தக் கடைக்காரர்கள் போட்ட சோற்றில் வளர்ந்த வாய் இது.)

சரி, பூ வைக்காமல் சொல்கிறேன்.

யூஜினியா முப்பது வயதைத் தாண்டியவள். பழைய வெள்ளை வேன் ஒன்று வைத்திருக்கிறாள். குவாலா சிலாங்கூர் போகும் சாலையில் ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் வாசலுக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தி இடியாப்பம் விற்கிறாள். ஏழு மணிக்குச் சங்கு ஊதும். ஊதுவதற்கு முன்னால் வேலைக்காரர்கள் வாங்கித் தின்றுவிட்டு உள்ளே போவார்கள். ஊதின பிறகு வாசலில் ஒரு காக்காய்கூட நிற்காது.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் வேண்டும். சீனி கிடக்கும். தேங்காய்ப்பூ கிடக்காது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் முதல் நாள் சாயந்தரம் திருவினது காலையில் புளித்துவிடும். அன்றன்றைக்குக் காலையில் திருவ வேண்டும். காலை ஆறு மணிக்குத் தேங்காய் திருவும் மெஷினோடு திறந்திருக்கும் கடை எங்கள் வரிசையில் ஒன்றுதான். அது என் தம்பி கடை.*

* வீட்டிலேயே ஒரு சின்ன மெஷின் வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். ஷாமளாவும் கேட்டாள். யூஜினியாவே ஐந்தாம் பகுதியில் பதில் சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

4

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். முதல் காசு எந்தக் கையிலிருந்து வருகிறதோ அந்தக் கையின் ராசிதான் அந்த நாளுக்கு. இதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. கடன் போணி ஆகாது. வீட்டு ஆள் கொடுக்கும் காசும் ஆகாது. மனைவி, மகள், அண்ணன், யார் வாங்கினாலும் அது வீட்டுக் காசு. வெளி ஆள்தான் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், முதலில் வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடாது. விலையைக் குறைத்தாவது எதையாவது கொடுத்துவிட வேண்டும்.

(இதை எழுதும்போது 'எங்கள் ஆட்கள் எல்லாரும்' என்று தொடங்கினேன். பிறகு எதிர்வரிசைச் சீனர் இரும்புக்கடையில் காலையில் முதல் ஆணியை எவ்வளவு பாடுபட்டு விற்கிறார் என்பது ஞாபகம் வந்தது.)

யூஜினியா வேன் தொடங்கின நாளிலிருந்து செல்லையா கடைக்கு அவள்தான் போணி. ஆறு மணிக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? மாதக்கணக்கில் அப்படியே போனது. ஒரு நாள் மெஷினின் மோட்டார் எரிந்துபோனது. ஷாமளாவைவிட இரண்டு வயது மூத்த மோட்டார் அது.

பிறகு ஒரு நாள் யூஜினியா பக்கத்துத் துணிக்கடை ராஃபேலிடம் மேஜை விரிப்பு வாங்கப் போனாள். அங்கேயும் அன்றைக்கு அவள்தான் முதல் ஆள். மத்தியானம் பெய்த மழையில் கூரை ஒழுகிச் சேலைக்கட்டு நனைந்தது. அந்தக் கூரை ஒழுகும் என்று கட்டடக்காரரிடம் ராஃபேல் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

சாயந்தரம் செல்லையாவும் ராஃபேலும் தேநீர் குடித்தார்கள். உனக்கு யார் போணி, எனக்கு யார் போணி என்று பேச்சு வந்தது. ராஃபேலும் யூஜினியாவும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்ப்பார், திங்கட்கிழமை போணி பார்ப்பார், ராஃபேலுக்கு இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. தேநீர் முடிவதற்குள் முடிவு தயார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. மருத்துவர்களின் பொருள் ஏன் வேண்டும் என்றேன் என்பது இப்போது தெரிகிறதா?

நான் அந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்த ஒரு காலையை எழுதுகிறேன். யூஜினியா வேனை நிறுத்திவிட்டு வந்தாள். செல்லையா அவளைப் பார்க்காமல், கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"அண்ணே, எட்டுத் தேங்காய் திருவிக் குடுங்க."

"இரு யூஜி, மெஷின் சூடாகட்டும்."

"சூடாகுறதுக்கு இது என்ன, தோசைக்கல்லா?"

"பெல்ட் புதுசு. இறுக்கமா இருக்கு."

"நேத்துப் பழசு, நழுவுதுன்னீங்க."

"அதான் மாத்திட்டேன்ல."

மோட்டார்சைக்கிளில் ஒரு பங்களாதேஷ் இளைஞன் போனான். என் தம்பி சாலைக்கே இறங்கிவிட்டான். "தம்பி, தம்பி, சிகரெட் வேணுமா? மிட்டாய்? என்னா வேணும், சொல்லு." அந்த இளைஞன் எதுவும் கேட்டிருக்கவில்லை. பயந்துபோய் ஒரு இருமல் மிட்டாய் வாங்கினான். செல்லையா அந்தச் சில்லறையைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான். அந்த நொடியில் மெஷின் சூடாகிவிட்டது.

யூஜினியா சிரித்தாள். "அண்ணே, உங்க மெஷின் மிட்டாய்லதான் ஓடுதா?"

அவள் கம்பெனி வாசலுக்குப் போனபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் கதைக்குள் யூஜினியா சரியாக உட்காரவில்லை. அதிகமாகச் சிரிக்கிறாள். வாசகர் உச்சுக்கொட்ட வேண்டுமானால் அவளுக்கு ஒரு நோயாளிக் கணவன் வேண்டும், குறைந்தபட்சம் ஒரு இருமலாவது வேண்டும். அவளுக்குக் கணவன் இருக்கிறான். இயன் என்று பெயர், லோரி ஓட்டுகிறான், என்னைவிடத் திடகாத்திரமாக இருக்கிறான். கதைக்காக அவனைக் கொஞ்சம் படுக்கவைக்கலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"அவரைப் படுக்க வச்சிட்டு லோரியை நீங்களா ஓட்டுவீங்க?" என்றாள். "எழுதணும்னா எழுதுங்க அண்ணே. பாவம்னு எழுதாதீங்க. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து கஷ்டப்பட்டுன்னு இழுக்காதீங்க. லயத்துல பொறந்தவங்க ஊர்ல பாதிப் பேரு. அவங்க எல்லாரையுமா ஒங்க தம்பி வெளிய நிக்க வக்கிறாரு? என்னைத்தானே வக்கிறாரு. என்னை எழுதுங்க."

மெஷின் விஷயத்தையும் கேட்டேன்.

"மெஷின் வாங்க டுயிட் இருக்கு அண்ணே. வாங்கினா என்னா ஆகும்? அவ கை சரியில்ல, அதான் அவளே மெஷின் வாங்கிட்டாம்பாங்க. யாரோ சொன்ன சொல்லுக்கு நான் ஏன் மெஷின் வாங்கணும்?"

அப்புறம்தான் அவள் அதைச் சொன்னாள். நான் பேரம் பேசிப் பேசி வளர்ந்தவன், கணக்கில் என்னை யாரும் லேசில் மடக்க முடியாது. அவள் மடக்கினாள்.

"தினமும் மொத ஆளா வர்றவ நான். மோட்டார் எரிஞ்ச அன்னிக்கும் நான்தான் வந்திருப்பேன். தேங்காய் மூணு மடங்கு வித்த அன்னிக்கும் நான்தான் வந்திருப்பேன். வராத நாள் இருந்தாத்தானே வந்தா என்னா, வராட்டி என்னான்னு சொல்ல முடியும்?"

அதை அப்படியே தம்பியிடம் கொண்டுபோனேன். செல்லையா தேங்காய் நாரைக் கூட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அது நல்ல நாளுண்ணே. நல்ல நாளு சாமி குடுத்தது."

"கெட்ட நாளு?"

"அதான் சொல்றேனே."

விஷயம் இப்போது விளையாட்டாக இல்லை. கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா, யூஜினியாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு நாசி லெமாக் சோறு விற்கும் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை அவள் சங்குக்கு முன்னால் கடையைத் திறக்காவிட்டால் இடம் அவருக்கு.

தரகு என் ரத்தத்தில் ஊறினது. இரண்டு பக்கமும் நடந்தேன். செல்லையா இரண்டு சலுகை கொடுத்தான். ஒன்று, பின்கதவு வழியாக வாங்கிக்கொள்ளட்டும், காசு பத்து மணிக்கு மேல் தரட்டும், கடன் போணி ஆகாது. இரண்டாவது அவனும் ராஃபேலும் கூடி ஆராய்ந்து கண்டுபிடித்தது. போனில் கியூஆர் போட்டுக் கட்டட்டும். கை படாததால் ராசி கடந்து வர வழியில்லை.

"நல்ல டீல் யூஜி" என்றேன். "நீ கேட்டது தேங்காய்ப்பூ. ஆறு மணிக்குக் கையில கிடைச்சிடும். இதுக்கு மேல என்ன வேணும்?"

"முன்வாசல்" என்றாள். "மொத ஆளா, என் கையிலருந்து அவரு கைக்கு. அதுக்குக் கொறஞ்சு பேசாதீங்கண்ணே. இதுல சில்லறை கொறைக்கிறதுக்கு இல்ல."

நான் பார்த்த பேரங்களில் ஒரு வெள்ளிக் காசுகூட இறங்காத பேரம் இது ஒன்றுதான்.

6

அவளுடைய எதிர்ப்பேரம் சனிக்கிழமை வந்தது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, வருடத்தில் வியாபாரம் கொட்டுகிற நாள். கம்பெனிக்கு அன்றைக்கு விடுமுறை.

"என் கைக்கு அவ்வளவு சக்தின்னா ஒரே நாள்ல எல்லாக் கடைக்கும் போணி பண்றேன்" என்று முதல் நாள் என்னிடம் சொன்னாள். "மொத்த வரிசையும் படுக்கணும். படுக்கலன்னா வாயை மூடணும்."

செல்லையா ஷட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் நின்றாள்.

"ஒரு தேங்காய் குடுங்கண்ணே."

"மெஷின் இன்னும்..."

"திருவ வேணாம். முழுசு."

முழுத் தேங்காய்க்கு மெஷின் சூடாக வேண்டியதில்லை. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. என் தம்பி தன் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. அவளே குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தராசுத் தட்டில் காசை வைத்துவிட்டுப் போனாள். காசை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தட்டு அதுவரை சாய்ந்தே இருந்தது.

குமுதாவின் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை. சரணின் கைபேசிக் கடையில் ஒரு உறை. அவன் "அக்கா, ஒங்க போனுக்கு இது சேராதே" என்றான். "என் போனுக்குச் சேர வேணாம், ஒன் கல்லாவுக்குச் சேர்ந்தா போதும்" என்றாள். ராஃபேல் கடையைத் தாமதமாகத் திறப்பார் என்று தெரிந்து அஞ்சடியில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்ததும் சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினார்.

"போன்ல போட்டுடு யூஜி."

"சார்ஜ் இல்ல அண்ணே. கையில வாங்குங்க."

"நீ நம்ம கோயில் புள்ள. ஏம்மா இப்புடிப் பண்ற?"

"அதத்தான் நானும் கேக்கறேன். பூசையில சமாதானம் சொல்ல இந்தக் கையைத்தானே புடிச்சீங்க? கடையில மட்டும் சுடுதா?"

ராஃபேல் அவள் கேட்ட கைக்குட்டையைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டியில் துடைக்கப் போய், அவள் பார்க்கிறாள் என்று நிறுத்திக்கொண்டார்.

இப்போது முடிவு. இந்த இடத்தில் நான் கொஞ்சம் பேராசைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கடையும் கொட்டோ கொட்டென்று கொட்டியது என்று ஒரு வரைவு எழுதி வைத்திருந்தேன். நடந்தது வேறு. செல்லையாவிடம் சாயந்தரத்துக்குள் தேங்காய் தீர்ந்துவிட்டது. குமுதாவின் பூக்கூடை காலி. ராஃபேலுக்கு மந்தம், ஆட்கள் துணியை இப்போது போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். சரண் ஒரு கண்ணாடி அலமாரியை உடைத்துக்கொண்டான்.

விளக்கு வைத்ததும் தேநீர்க் கடையில் கூடினார்கள். நான் நீதிபதி மாதிரி நடுவில் உட்கார்ந்தேன்.

"என்னடா செல்லையா, இப்ப என்ன சொல்ற?"

"தீபாவளிண்ணே. யாரு வந்தாலும் ஓடும்."

ராஃபேல் தலையை ஆட்டினார். "என் கடைக்கும் தீபாவளிதானே? அவ கை, வேற என்னா."

"கண்ணாடிய நான்தான் ஏணியால இடிச்சேன்" என்றான் சரண். "ஆனா அக்கா வந்துட்டுப் போனப்புறம்தான் இடிச்சேன்."

பாருங்கள். விற்றால் தீபாவளி, விற்காவிட்டால் யூஜினியா. ஒரு நாள் முழுக்க அவள் நடந்து நடந்து சேர்த்த சாட்சியத்தை ஒரு குவளை தேநீரில் கரைத்துக் குடித்துவிட்டார்கள்.

குமுதா மட்டும் வேறு மாதிரி பேசினாள். "ராசியில்லாத கையா? என் கடையில ஒரு காம்புகூட மிஞ்சல. நாளையிலருந்து தினமும் அவளைத்தான் போணிக்குக் கூப்புடப் போறேன்."

அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு யூஜினியா வீட்டுக்கு ஓடினேன். ஜெயித்துவிட்டாய் என்றேன். அவள் இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"இதுவும் அதேதானே அண்ணே? அவரு ரெண்டு கெட்ட நாளை வச்சிப் பேசறாரு. இவங்க ஒரு நல்ல நாளை வச்சிப் பேசறாங்க. நாளைக்கு ஒரு கூடை பூ வாடினா நான் மறுபடியும் மூதேவி." ஈரக்கையை எனக்கு முன்னால் விரித்தாள். "இதுல ராசியும் இல்ல, ராசியில்லாம இருக்கிறதும் இல்ல. காலையில இதுல இருபது வெள்ளி இருக்கும். தேங்காய்க்கு. அவ்வளவுதான்."

அந்த இடத்தில் என் கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

7

முடிவு வேண்டும். சிலவற்றை விலை கேட்டுப் பார்த்தேன்.

முதலாவது: குமுதாவின் பேச்சு பரவுகிறது, யூஜினியாவின் கை ராசிக்கை ஆகிறது, கடைக்காரர்கள் வரிசையில் நின்று அவளை அழைக்கிறார்கள். நல்ல விலை போகும் முடிவு. ஆனால் ஈரக்கையை விரித்துக் காட்டினாளே, அதைப் பார்த்த பிறகு என்னால் இதை விற்க முடியாது.

இரண்டாவது: செல்லையா மனம் திருந்துகிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஷாமளாவிடம் படித்துக் காட்டினேன்.

"எங்கப்பாவா? பெரியப்பா, மாயாஜாலக் கதை எழுதறதுன்னா மொதல்லயே சொல்லிடுங்க."

மூன்றாவது: யூஜினியா சொந்தமாக மெஷின் வாங்கி, சொந்தக் கடை போட்டு, செல்லையாவுக்கு எதிரே — (வேண்டாம். அவள் மறுத்த மெஷினை நான் அவள் தலையில் கட்டுவதா?)

நாலாவது, ஷாமளா சொன்னது: "தோட்டத்து மக்களோட நிலைமைய இது காட்டுதுன்னு கடைசியில ஒரு பாரா போடுங்க. எங்க லெக்சரருக்குப் பிடிக்கும்."

"உனக்குப் பிடிக்குமா?"

யோசித்தாள். "எனக்கு அந்தக்கா திங்கக்கிழமை சங்குக்கு முன்ன போவாங்களா மாட்டாங்களான்னு தெரியணும். அது போதும்."

இந்தக் கதை எதையும் காட்டவில்லை. எந்த மக்களையும் குறிக்கவில்லை. படித்துவிட்டு 'வியாபாரிகளே இப்படித்தான்' என்று யாராவது சொன்னால், இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நறுக்கின வாலைத் தேடி எடுத்துக்கொண்டு வரச் சொல்வேன். இது ஒரு கடை, ஒரு மெஷின், ஒரு பெண், ஒரு திங்கட்கிழமை.

8

அந்தத் திங்கட்கிழமை இதுதான். ஆறு மணி.

யூஜினியா முன்வாசலில் நிற்கிறாள். வேன் சாலையோரத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவள் அணைக்கவில்லை. "எட்டுத் தேங்காய்ண்ணே, திருவி" என்று சொல்லிவிட்டாள். இருபது வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள். முழுத் தேங்காய் வாங்கித் தந்திரம் பண்ணுகிற நாள் இல்லை இது. வேண்டியதைக் கேட்டு நிற்கிறாள்.

"மெஷின் சூடாக..." என்று செல்லையா ஆரம்பித்தான்.

ஷாமளா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து போய் மெஷினின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். அது ஒழுங்காக ஓடுகிறது. மெஷினுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "சூடா இருக்குப்பா" என்றாள். அவளால் அவ்வளவுதான் முடியும். அவள் காசு வீட்டுக் காசு. என் காசும் அப்படித்தான். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

செல்லையா நோட்டைப் பார்க்கிறான். கல்லாவைப் பார்க்கிறான். பிறகு, பழக்கதோஷம், அஞ்சடியைப் பார்க்கிறான்.

அங்கே நீங்கள் நிற்கிறீர்கள்.

இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், வேறு எங்கே நிற்பீர்கள்? நீங்கள் எங்கள் குடும்பம் இல்லை. உங்கள் காசு போணிக்குச் செல்லும். என் தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க, உள்ள வாங்க. என்னா வேணும்? தீப்பெட்டி? சீனி? வெல கொறைச்சே தர்றேன்."

நீங்கள் உள்ளே வந்து ஒரு இருமல் மிட்டாய் வாங்கினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அடுத்த நிமிடம் தேங்காய் திருவப்படும். யூஜினியா சங்குக்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுவாள். இடம் தப்பிக்கும். அவளுக்கு உதவி செய்த திருப்தியும் உங்களுக்குக் கிடைக்கும். நாளைக்கும் அவள் அதே இடத்தில் வந்து நின்று இன்னொரு நீங்களுக்காகக் காத்திருப்பாள்.

வராமல் அங்கேயே நின்றால் என்ன ஆகும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. செல்லையா நோட்டை வாங்கலாம். வாங்காமல் ஏழு மணி வரை அஞ்சடியையே பார்த்துக்கொண்டிருக்கலாம். இடம் போய்விடலாம். நான் அவளிடம் கேட்டேன். இதை எழுதும்போதே, எழுத்துக்குள்ளிருந்தே கேட்டேன்: அவங்களைக் கூப்பிடட்டுமா யூஜி?

அவள் உங்கள் பக்கம் திரும்பவில்லை. "அவங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா எனக்குப் பின்னால நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

முடிவு எழுதித் தரும் வேலையை இந்த இடத்தில் நான் விடுகிறேன். மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் கை நீட்டியபடியே இருக்கிறது. என் தம்பி உங்களைத்தான் பார்க்கிறான்.